ஊசியை எடுத்த பிறகு சொல்கிறேன்

1. கொட்டாவி

வரதன் மாமா கொட்டாவி விட்டார்.

டயாலிசிஸ் யூனிட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். மெஷினில் படுத்திருப்பவர் திடீரென்று கொட்டாவி விட்டால் தூக்கம் வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பி.பி. இறங்குகிறது. அடுத்து வியர்க்கும், கண் சொருகும், தலை தொங்கும். உடனே கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, காலைத் தூக்கி, சலைன் ஏற்ற வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

அன்றைக்கு நான் யூனிட்டின் அந்தக் கோடியில் வேறொருவருக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன். ஊசி பாதி உள்ளே. விட்டுவிட்டு ஓட முடியாது. இந்தக் கோடியில் மாமாவின் கட்டிலைச் சுற்றி, நோயாளிகளுக்கு ஜெபம் செய்ய வரும் எங்கள் ஆஸ்பத்திரியின் ஊழியக் குழு நின்றுகொண்டிருந்தது. நடுவில் டேனியல் பிரதர். அவர் கை மாமாவின் தலைமேல். பக்கத்தில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஜெபம் உச்சத்தில் இருந்தது.

மெஷினில் அலாரம் அடித்தது. குழுவில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஜெபத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதாம், எட்டி அந்தப் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டார்.

ஒரு மனிதனின் ரத்தம் உடம்புக்கு வெளியே ஒரு குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு ஆபத்து என்று ஒரு மெஷின் கத்துகிறது. அதன் வாயைப் பொத்திவிட்டு ஆண்டவரைக் கூப்பிடுகிறார்கள்!

நான் அந்தக் கோடியிலிருந்தே கத்தினேன். "பிரதர், தள்ளுங்க! பி.பி. பாருங்க!"

டேனியல் பிரதர் கண்ணைத் திறக்கவே இல்லை. குனிந்து மாமாவின் காதருகே உரக்கக் கேட்டார். "ஐயா, இயேசு உங்களைச் சுகமாக்குவாருன்னு விசுவாசிக்கிறீங்களா? அவரை ஏத்துக்கிறீங்களா?"

மாமாவின் தலை முன்னால் தொங்கி ஒருமுறை ஆடியது.

"அல்லேலூயா!" என்றார்கள் எல்லோரும்.

கையிலிருந்த ஊசியை ஏற்றி முடித்து ஒட்டிவிட்டு ஓடிவந்து, தோளால் இடித்துத்தான் அவர்களை விலக்கினேன். பி.பி. எண்பதுக்குக் கீழே. கட்டிலைத் தாழ்த்தி, சலைனைத் திறந்து, மெஷின் உடம்பிலிருந்து தண்ணீர் இழுப்பதை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் மாமா கண் திறந்து, "என்னாச்சு எஸ்தர்?" என்றார். அதற்குள் குழு பாட்டுப் பாடிக்கொண்டே வெளியே போய்விட்டது.

2. எழுந்து போக முடியாதவர்கள்

நான் எஸ்தர். காட்டூரில் வீடு. கணவர் திருவெறும்பூரில் பிளான்ட்டில் வேலை பார்த்தவர். நான் தஞ்சாவூர் ரோட்டுப் பக்கம் ஒரு கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, டயாலிசிஸ் யூனிட் இன்சார்ஜாக ரிடையர் ஆனேன். ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். நல்ல ஆஸ்பத்திரிதான். அதனால்தான் கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். டயாலிசிஸ் நோயாளி மற்ற வார்டு நோயாளி மாதிரி இல்லை. வார்டில் இருப்பவருக்குப் பிடிக்காத ஆள் வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம், பாத்ரூம் போகிறேன் என்று எழுந்து போகலாம். இங்கே கையில் ரெண்டு ஊசி. ஒன்று ரத்தத்தை வெளியே எடுக்கிறது, இன்னொன்று திருப்பி அனுப்புகிறது. நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. யார் வந்து என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஊழியக் குழுவுக்கு எங்கள் யூனிட் ரொம்பப் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம். டேனியல் பிரதர் வாயாலேயே சொன்னார். "வார்டுல பாதிப் பேர் தூங்குறாங்க சிஸ்டர். உங்க யூனிட்ல நாலு மணி நேரம் நிதானமா பேசலாம்."

வராந்தாவில் பாடுங்கள், கேட்கிறவர்கள் வந்து கேட்கட்டும், யூனிட்டுக்குள் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். டேனியல் பிரதர் ஆஸ்பத்திரி செக்ரட்டரியின் மச்சான். மேலே போய் அனுமதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அதை ஊழியம் என்று பேர் வைத்துச் செய்தார்கள்.

நானும் விசுவாசிதான். காலையில் ஜெபிக்காமல் வீட்டைவிட்டு இறங்கியதில்லை. ஊசி ஏற்றுவதற்கு முன்னால் மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வேன், என் கை தவறக் கூடாது என்று. ஆனால் ஒரு விதி வைத்திருந்தேன். ஊசி ஏறியிருக்கிற ஆளிடம் என் சாமியைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். கடை விரிக்கிற இடமா அது?

வரதன் மாமா பிளான்ட்டில் அக்கவுன்ட்ஸில் இருந்து ரிடையர் ஆனவர். கம்பெனி மருத்துவச் சலுகை எங்கள் ஆஸ்பத்திரிக்கு இருந்ததால் ஸ்ரீரங்கத்திலிருந்து அவ்வளவு தூரம் ஆட்டோவில் வருவார். நெற்றியில் திருமண் நாமம் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. ரிடையர் ஆன பிறகு அவருக்கு ஒரே சந்தோஷம்தான். ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் பிரபந்தம் பாடிச் சேவிக்கிற கோஷ்டியில் போய் நிற்பது. மெஷின் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசைப்பார்.

ஒரு வருடம் வைகுண்ட ஏகாதசி அன்று அவருக்கு டயாலிசிஸ் முறை. கிறிஸ்துமஸ் வாரம், ஸ்டாஃப் பாதிப் பேர் லீவு. "சொர்க்கவாசல் பத்து நாளும் திறந்துதானே மாமா இருக்கும்?" என்று கேட்டேன். "இருக்கும் எஸ்தர். ஆனா முதல் நாள் நம்பெருமாள் புறப்பாட்டுல அவர் பின்னாடியே போறது வேற" என்றார். என் லீவை மாற்றிக்கொண்டு அவர் முறையை முந்தின நாளுக்கு எடுத்துவைத்தேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு ஒரு ஆப்பிள் கொடுத்தேன். கேக் அவர் தொட மாட்டார். முழுப் பழத்துக்கு யார் கையிலிருந்து வந்தாலும் தோஷம் இல்லை. வாங்கி மேல்துண்டில் முடிந்துகொண்டார். எங்களுக்குள் இவ்வளவுதான். இதற்கு மேல் அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

3. "நான் தலை ஆட்டினேனா?"

கொட்டாவி விட்ட அந்த நாளின் வீடியோ மறுநாளே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. திருமண் இட்ட நெற்றி, அதன்மேல் டேனியல் பிரதரின் கை, கேள்வி, தலை ஆடியது, அல்லேலூயா. நான் ஓடிவந்து இடித்ததை வெட்டியிருந்தார்கள். கீழே ஒரு வரி: ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்.

நேரே செக்ரட்டரி ரூமுக்குப் போனேன். டேனியல் பிரதரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"அது சம்மதம் இல்ல சார். மயக்கம். பி.பி. எண்பதுக்குக் கீழ போனா உங்க தலையும் அப்படித்தான் ஆடும்."

செக்ரட்டரி சிரித்தார். "பெரிசு பண்ணாதீங்க எஸ்தர். நீங்களும் விசுவாசிதானே?"

"அதனாலதான் சார் கேக்குறேன்."

டேனியல் பிரதர் பொறுமையாகச் சொன்னார். "சிஸ்டர், நாங்க விதைக்கிறோம். நீங்க குறுக்க நிக்காதீங்க."

"விதைக்கிறதுக்கு நிலத்தைத் தேடுங்க பிரதர். கட்டிப்போட்ட மனுஷனத் தேடாதீங்க. உங்க ஆளு அலாரத்த அமுக்குனாரு, தெரியுமா? அந்த ஆளு செத்திருந்தா அதையும் சாட்சின்னு போட்டிருப்பீங்களா?"

அவர் முகம் சுண்டியது. ஆனால் ஒரு வார்த்தை மன்னிப்பு வரவில்லை. வீடியோவை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றார் செக்ரட்டரி. எடுத்தார்கள். எடுத்து என்ன பிரயோஜனம்? அதற்குள் அது ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்த முறைக்கு மாமா வரவில்லை. அதற்கடுத்த முறைக்கும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. சனிக்கிழமை மாமி, அவர் மனைவி, கூப்பிட்டார். குரலே சரியில்லை. "எஸ்தர், மூச்சு வாங்கறது அவருக்கு. கால் ரெண்டும் வீங்கியாச்சு. எந்த ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேங்கறார். நீங்க ஒரு தடவை வாங்கோளேன்."

டயாலிசிஸை விட்டவர் எத்தனை நாள் தாங்குவார் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வடக்கு உத்திர வீதியில் அவர் வீடு. வாசலில் நின்ற ஒருவன் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு வழி மறித்தான். "இங்கயும் வந்துட்டீங்களா? அடுத்து யார மாத்தப் போறீங்க?" வீடியோவைப் பார்த்துவிட்டு, மதம் மாற்றுகிறார்கள் என்று இரண்டு நாள் முன்னால் எங்கள் ஆஸ்பத்திரி கேட்டில் கோஷம் போட்டவர்களில் ஒருவன். அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தினார்களே, அந்தப் பெரியவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஒருத்தராவது உள்ளே வந்து கேட்டாரா? இவர்களுக்கும் வீடியோதான் வேண்டும். மாமா யாருக்கும் வேண்டாம்.

மாமி வெளியே வந்தார். "அவர் உயிரைப் பார்க்க வந்திருக்கா. நீ வழிய விடு" என்றார் அவனிடம். விட்டான்.

மாமா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மாமி சொன்னார். நான் கையைத் தொட்டு ஃபிஸ்டுலா ஓடுகிறதா என்று பார்த்தேன். ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து பெருக்கிவைத்த ரத்தக்குழாய் அது. நன்றாகத்தான் துடித்தது. கை தயாராக இருந்தது, மனிதர்தான் இல்லை.

"கோயில்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா மாமா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நானே கோஷ்டிக்குப் போறதை நிறுத்திட்டேன்." மூச்சு வாங்கி நிறுத்தினார். "எஸ்தர், நான் தலை ஆட்டினேனா?"

"மாமா..."

"எனக்கே ஞாபகம் இல்ல. அவர் கேட்டது லேசா காதுல விழுந்தது. அப்பறம் இருட்டு. படத்துல பார்த்தா ஆட்டறேன். எழுபது வருஷமா ஒருத்தனையே சேவிச்சுட்டு, கடைசில ஒரு நிமிஷம் பயத்துல அவனை விட்டுட்டேனா? அது தெரியாம நான் எந்த மூஞ்சிய வச்சுண்டு கோஷ்டில நிக்கறது?"

ஆஸ்பத்திரிமேல் கோபத்தில் வராமலிருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். இல்லை. இந்த மனிதர் தன்னையே நம்ப முடியாமல் சாகத் தயாராகிவிட்டார். ஒரு மயக்கத்தைத் திருடிக்கொண்டுபோய் இவருக்கு இவரையே சந்தேகமாக்கிவிட்டார்கள் பாவிகள்.

"அது பி.பி. போன தலை மாமா. முதல்ல கொட்டாவி விட்டீங்க, நான் பார்த்தேன். அப்பவே நீங்க நினைவுல இல்ல. சத்தியமா சொல்றேன்."

அவர் லேசாகச் சிரித்தார். "நீங்க நல்லவா. என்னைத் தேத்தறதுக்குச் சொல்றேள். இங்க, என்கிட்ட சொல்றது சுலபம். அங்க, உங்க மனுஷா முன்னாடி சொல்லுவேளா?"

"சொன்னா வருவீங்களா?"

மாமிதான், "வருவார்" என்றார்.

4. சாட்சி நேரம்

மறுநாள் ஞாயிறு. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே எங்கள் ஆலயம். ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் முன்னால் வந்து சொல்லலாம். தலைவலி போனது, மகனுக்கு வேலை கிடைத்தது, விசா வந்தது என்று சொல்வார்கள். அத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட எழுந்ததில்லை. அன்றைக்கு மைக்கோடு நின்று நடத்தியவர் டேனியல் பிரதர்.

நான் எழுந்து நடந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மைக்கைக் கொடுக்காமல், "சிஸ்டர், நேரம் கொஞ்சம்தான் இருக்கு" என்றார்.

"எனக்கும் கொஞ்ச நேரம் போதும் பிரதர்" என்று கை நீட்டினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்தார்.

"ஸ்தோத்திரம். நானும் இந்த வாரம் நடந்த ஒண்ணைச் சொல்லணும். நம்ம யூனிட்ல ஒரு பெரியவர் ஆண்டவரை ஏத்துக்கிட்டதா ஒரு படம் வந்துச்சு. நீங்க எல்லாரும் பார்த்தீங்க, நிறைய பேர் அடுத்தவங்களுக்கு அனுப்புனீங்க. அது பொய். அவரு மயக்கமா இருந்தாரு. அலாரம் அடிச்சுச்சு, நம்ம ஆளுங்கதான் அமுக்கி நிறுத்துனாங்க. மயங்குன ஆளோட தலை ஆடுனத சம்மதம்னு போட்டாங்க. நான் கண்ணால பார்த்தேன். பி.பி.ய நான்தான் பார்த்தேன்."

முன்வரிசையில் செக்ரட்டரி, "எஸ்தர், போதும்" என்றார்.

"இன்னும் முடியல சார். அந்தப் பெரியவரு இப்ப சாகக் கிடக்கிறாரு. நம்ம சாமி பேரால. நாலு மணி நேரம் எழுந்து போக முடியாத ஆளுகிட்ட போய்ப் பேசறதுக்குப் பேரு ஊழியம் இல்ல. இயேசு யாரையாவது கட்டிப்போட்டுட்டுப் பேசினாரா? பிடிக்கலன்னு திரும்பிப் போனவங்கள அவரு தடுத்தாரா? விட்டுட்டாருல்ல? நமக்கு மட்டும் ஏன் ஓட முடியாத ஆளு தேவைப்படுது?"

மைக்கைப் பீடத்தின்மேல் வைத்துவிட்டு இறங்கினேன். பின்வரிசைகளில் சிலர் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். தடுக்கவில்லை. பொய் எந்த வழியாகப் போனதோ உண்மையும் அந்த வழியாகவே போகட்டும் என்று விட்டுவிட்டேன். பெரியவரின் பேரை மட்டும் நான் சொல்லவில்லை.

ஆராதனை முடியும்வரை நான் இருக்கவில்லை. யூனிட்டைத் திறந்து மெஷினைத் தயார் செய்து வைத்துவிட்டு, டாக்டருக்குப் போன் செய்தேன். பிறகு மாமிக்கு.

மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. மாமாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். நெற்றியில் புதிதாகத் திருமண். "நீங்க பேசினதைப் போன்ல பார்த்தேன் எஸ்தர்" என்றார். அதற்குமேல் பேச மூச்சு இல்லை. உடம்பில் அவ்வளவு தண்ணீர் ஏறியிருந்தது. ஒரே முறையில் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. மூன்று நாள் தொடர்ந்து போட்டுத்தான் அவர் படுத்துத் தூங்கும் நிலைக்கு வந்தார். அந்த வார முடிவில் திரும்பவும் கோஷ்டிக்குப் போய்விட்டார்.

எனக்கு மெமோ வந்தது. ஆராதனையின் ஒழுங்கைக் குலைத்தேனாம். அலாரத்தை அமுக்கியவருக்கு ஒரு மெமோவும் இல்லை. யூனிட் கதவுக்கு உள்பக்கம் தாழ் போட ஆரம்பித்தேன். ஊழியக் குழு மறுபடி தட்டவில்லை. டேனியல் பிரதர் வராந்தாவில் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்ப்பார். கடைசிவரைக்கும் அவர் மாமாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்கச் சொல்லி எனக்குக் கட்டளை இருக்கிறது, தெரியும். முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

5. கதவருகே பெஞ்ச்

சில மாதம் கழித்து ஒருநாள், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மாமா கேட்டார்.

"எஸ்தர், இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட உங்க பகவானைப் பத்தி என்கிட்ட பேசினதில்லையே. ஏன்?"

"இப்ப வேணாம் மாமா."

"நானாத்தானே கேக்கறேன்? சொல்லுங்கோ. ஏகாதசிக்கு உங்க லீவை விட்டுக் கொடுத்தேள். எனக்காக உங்க மனுஷாளையே எதிர்த்துண்டேள். உங்களை அப்படிப் பண்ண வைக்கறவர் யாருன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சொல்லிவிட ஆசையாக இருந்தது. ஆனால் அவர் கையைப் பார்த்தேன். ரெண்டு ஊசி.

"ஊசியை எடுத்த பிறகு சொல்றேன் மாமா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போல உதட்டை அசைக்க ஆரம்பித்தார்.

நேரம் முடிந்தது. ஊசிகளை எடுத்தேன். ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார். எடை பார்த்தோம், பி.பி. பார்த்தோம், நன்றாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டார். ஆட்டோ வெளியே வந்து நின்றது. நான் தாழை நீக்கிக் கதவை அகலத் திறந்துவைத்தேன்.

மாமா கதவு வரைக்கும் போனார். வெளியே பார்த்து, ஆட்டோக்காரரிடம் கொஞ்சம் இருக்கும்படி கையைக் காட்டினார். திரும்பி வந்து கதவருகே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்கோ."

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். யாரிடமாவது உங்கள் நம்பிக்கையைப் பேசப் போகிறீர்களா, முதலில் கதவு திறந்திருக்கிறதா பாருங்கள். அவரால் எழுந்து போக முடியுமா பாருங்கள். போக முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருந்தால் மட்டும் பேசுங்கள்.

அன்றைக்கு நான் பேசினேன், அவரும் பேசினார். என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். எழுத மாட்டேன். மாமா இப்போது இல்லை. அவர் வாய்க்குள் ஒரு வார்த்தையை நான் வைத்தால், போனைத் தூக்கிப் பிடித்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?